தோழியாக முயன்றவள்

பினாங்குத் தண்ணீர்மலையின் அடிவாரத்தில் ஒரு வீடு. அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பதினேழு வயது. கையில் நூலின்றி அவளைக் கண்டவர் இலர். ஜேன் ஆஸ்டின் 1815ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எம்மா’ என்னும் புதினத்தை இருமுறை படித்திருந்தாள். நூற்பட்டியல்களை அழகுற எழுதிவிட்டு நூல்களைப் படிக்காதிருந்த எம்மா, தோழி ஹேரியட்டுக்கு மணம் கூட்டப் புகுந்து இடறுவதைக் கண்டு சிரித்தும் இருந்தாள். எம்மா படிக்காதவள், தானோ படித்தவள் என்பது அவள் எண்ணம்.

வீட்டில் மணமாகாத சின்னம்மா ஒருவர் இருந்தார். துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். தைப்பூசத்திற்கு முதல் நாள், வெள்ளித் தேரைக் காணக் கூட்டம் நெருக்கிய வேளையில், தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்த இளம் ஆசிரியர் ஒருவர் சின்னம்மாவிடம் மோர்க் குவளையை நீட்டினார். அவர் சட்டைப் பையில் கவிதை நூலொன்று தெரிந்தது. அவ்வளவே போதுமாயிற்று. மறுவாரம் சின்னம்மாவின் பெயரால் ஆசிரியருக்குக் கடிதம் சென்றது.

அது அவர் தாயாரின் கையில் சிக்கிற்று. அந்த அம்மையார் வீடு தேடி வந்து, கூடத்தில் அமர்ந்து, அதனை உரக்கப் படித்தார். கையெழுத்து யாருடையது என்று அறிந்தும் சின்னம்மா காட்டிக் கொடுக்கவில்லை. தலைகுனிந்து நின்றார். அவர் நெஞ்சில் ஐந்தாண்டுகளாக இருந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். நூல் படியாதவராதலின் அவர் அப்பெண்ணின் கண்ணில் பட்டதே இல்லை. உழவன் மார்ட்டினை எம்மா இகழும் பக்கத்திலோ அவள் கோடிட்டு வைத்திருந்தாள்!

குறிஞ்சிப்பாட்டையும் அவள் படித்தவளே. அதன் 261 அடிகளில் தோழி செய்வது யாது? மகளின் மெலிவு கண்டு கலங்கும் செவிலிக்கு, முன்பே நிகழ்ந்த காதலை எடுத்துரைக்கிறாள். இதுவே அறத்தொடு நிற்றல். தொல்காப்பியம் இதனை ஏழு வகைப்படுத்தும். இல்லாத காதலை உண்டாக்குதல் அவ்வேழனுள் ஒன்றன்று. நம் மாணவர்களோ 99 மலர்ப் பெயர்களை மனனம் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். நிற்க. அத்தோழியைப் படைத்த கபிலரும் பாரி மகளிர்க்கு மணம் வேண்டி விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று மறுக்கப்பட்டவரே. ஆயினும் தாம் யார், அம்மகளிர் யார் என்பதை நேர்நின்று தம் வாயாலேயே சொன்னார்.

அன்றிரவு அப்பெண் சின்னம்மாவின் அருகில் சென்று அழுதாள்.

“எனக்குத் தெரியும், கண்ணு. கடிதத்தில் பிழையே இல்லை” என்றார் அவர். பிறகு, ஓட்டுநரின் பெயரை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். “பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நீ சொல்வாயா?”

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு பாட்டியின் அறைக்கதவைத் தட்டினாள்.