இறங்காத பாரம்

ஹபறணை தாண்டிக் காடு இருபுறமும் நெருங்கும்போதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. இடது முன்பக்கம், ‘டொக்’. யானைக்காக வேகத்தைக் குறைத்தால் கேட்கும். ஓடத் தொடங்கினால் அடங்கிவிடும். அலுமாரிக்குள் சட்டி உருளுகிறது என்று நினைத்துக்கொண்டோம். வீட்டோடு பயணம் போகிறவனுக்கு இது ஒரு வசதி. எந்தச் சத்தத்துக்கும் பழி சுமக்க ஒரு சட்டி இருக்கும்.

எங்கள் வீடு ஒரு பழைய பஸ். நண்பரும் நானும் சீற்றுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, பற்றறிகள், 300 லீற்றர் தண்ணீர்த் தாங்கி எல்லாம் ஏற்றியிருந்தோம். கந்தளாய்க் குளத்தருகே இரவு தங்கலாம் என்று கிறவல் றோட்டில் இறங்கியபோது ‘டொக்’ இரண்டாகி மூன்றாகியது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் பஸ் இடப்பக்கம் சரிந்து நிற்கிறது.

மறுநாள் காலை ஊர்ந்து ஊர்ந்து ஒரு கராஜுக்குப் போனோம். பாஸ் அறுபதைத் தாண்டியவர். ஒன்றும் கேட்காமல் கீழே படுத்தார். முன் அச்சை ஜக்கில் உயர்த்தி, ரயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினார். பிறகு நண்பரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் குறை பெயரிங்கில். அப்போதும் ஆடினால், சில்லு திரும்பும் அச்சாணியான கிங் பின்னில். எங்களுடையது அப்போதும் இலேசாக ஆடியது.

“இது இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். வருத்தம் இதில இல்ல” என்றார்.

வருத்தம் ஸ்பிறிங்கில் இருந்தது. பட்டைகள் அடுக்கிய ஸ்பிறிங்கின் ஒரு முனை சட்டத்தோடு நிலையாக இருக்கும். மறுமுனை ஷக்கிளில் தொங்கும். பாரம் அழுத்தும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடங்கொடுத்து ஆடுவதுதான் ஷக்கிளின் வேலை. எங்கள் ஷக்கிள் பின் பாதி தேய்ந்து, புஷ் முட்டை வடிவாகிவிட்டது. காரணத்தை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டினார். கிறீஸ் நிப்பிளை அடைத்து நீலப் பெயின்ற். வீட்டை அழகாக்கிய எங்கள் கைவேலை.

இரண்டாம் பட்டை உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் பாதி துரு, பாதி பளபளப்பு. பளபளப்பு நேற்றைய உடைவு. துருப்பிடித்த பாதி, மாதக்கணக்காக உள்ளே ஓடிக்கொண்டிருந்த வெடிப்பு.

“இன்னொரு பட்டை கூட்டினால் சரிவராதா, நானா?”

“தம்பி, பஸ்ஸில ஏறுற சனம் ஹோல்ற்றில இறங்கிடும். ராவைக்கு டிப்போவில பஸ் வெறுமனே நிக்கும், ஸ்பிறிங் மூச்செடுக்கும். உங்கட தண்ணித் தாங்கி எந்த ஹோல்ற்றில இறங்குது?”

300 லீற்றர் என்றால் 300 கிலோ. ஆளுக்கு 60 கிலோ வைத்தாலும் ஐந்து பேர், ஏற்கெனவே எஞ்சின் பாரம் சுமக்கும் முன் அச்சின் இடப்பக்கத்தில், இரவு பகலாக ஏறி நின்றிருக்கிறார்கள். பஸ்ஸை வீடாக்குவது எங்கும் உள்ள ஆசை. அமெரிக்காவில் கிரேஹவுண்ட் கம்பனிக்காக 1954 முதல் 1956 வரை கட்டிய 1001 சீனிக்குரூசர் பஸ்களிலும் பல பின்னாளில் வீடாகின. அவற்றுக்குப் பட்டைக்குப் பதில் காற்றுப் பை. ஆனால் இறங்காத பாரம் அங்கும் இறங்காத பாரந்தான்.

திருகோணமலையிலிருந்து சாமான் வரப் பின்னேரமாகும் என்றார்கள். குளக்கட்டுக்கு நடந்தோம். தமிழ் மரபு இக்குளத்தைக் குளக்கோட்டன் என்ற மன்னன் பெயரில் சொல்லும். கோணேசர் கோயிலோடு சேர்த்தே சொல்லும். சிங்கள மரபில் இது 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்போ மன்னனுடையது. யார் கட்டியதானாலும், இந்தக் கட்டு நூற்றாண்டுகளாகத் தண்ணீரைச் சுமந்தது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கட்டின் மேல் ஓடிய பாரமான வாகனங்களும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த அதிகாலைக்கு எத்தனை நாள் முன்பு உள்ளே துரு ஏறத் தொடங்கியதோ. அலை சத்தமில்லாமல் கல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

பாஸ் இரண்டு பக்க ஸ்பிறிங்கையும் மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது நிமிர்ந்து நிற்க, பழையது தாழும். ஸ்பிறிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ற்றுகளும் புதியவை. சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் அவற்றை மறுபடி இறுக்கச் சொன்னார். அச்சைத் தூக்கி வைத்தே கிங் பின்னுக்குக் கிறீஸ் அடித்தார். பாரம் அழுத்தும் பக்கத்துக்கு அப்போதுதான் கிறீஸ் போகுமாம். கறுப்புக் கிறீஸ் பிதுங்கி வெளியேறி, புதியது தலைகாட்டும்வரை பம்பை விடவில்லை. தாங்கியைப் பின் அச்சுக்கு மேல் மாற்றும்வரை பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது கடைசிக் கட்டளை.

அன்றிரவு உப்புவெளியில் பஸ்ஸை நிறுத்தினோம். கடலைப் பார்க்க ஓடவில்லை. நண்பர் தாங்கியின் குழாயைத் திறந்து ஒரு தென்னையின் அடியில் விட்டார். நான் முன்சில்லுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வடிய வடிய, பஸ் ஒரு விரற்கடை அளவு மேலே எழும்பியது.