கிழங்கு இறங்கிய ஊர்

மேட்டுப்பாளையத்தில் வளர்ந்த எங்களுக்கு ஊட்டி ஊராகத் தெரியும் முன்பே மூட்டையாகத் தெரியும். அப்பாவுக்கு உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடும் வேலை. மலையிறங்கி வரும் கிழங்கில் ஒட்டிய மண் ஈரமாக, கறுப்பாக இருக்கும். "ஊட்டிக் கிழங்கு தோலிலேயே தெரியும் கண்ணு" என்பார். வடக்கத்திக் கிழங்கு வந்தால் முகம் சுளிப்பார்.

அந்தக் கறுப்பை வெகுநாள் கழித்து மலைமேல் அவலாஞ்சிப் பக்கம் பார்த்தேன். சரிவெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் சோலை, பள்ளத்தில் கால் வைத்தால் உள்வாங்கும் சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுக்க மக்காமல் சேர்ந்த புல்லும் வேரும்தான் அது. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். பவானியில் கோடைத் தண்ணீர் ஓடியது அந்தத் தயவில்.

1819இல் மலையேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனை எதில் சேர்ப்பது என்று எனக்குக் குழப்பம். புல்வெளி அங்கே எருமை மேய்க்கும் தோடர் பழங்குடிக்கே சொந்தம் என்று மேலிடத்தோடு வாதாடியவர் அவர். உருளைக்கிழங்கையும் சீமைக் காய்கறிகளையும் கொண்டுவந்தவரும் அவரே. அவர் மலையேறியதற்கு முந்தைய வருடம்தான் இங்கிலாந்தில் ஜான் நைட் என்பவர் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கி, சுண்ணாம்பு போட்டு உழுது தானியம் விளைவிக்கக் கிளம்பினார். புளிப்பு மண்ணும் ஓயாத மழையும் விடவில்லை. மகன் காலத்தில் ஆட்டுப் பண்ணையாக முடிந்தது.

நீலகிரி தோற்கவில்லை, அதுதான் சிக்கல். கிழங்கு விளைந்தது. சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். தோடர்கள் கோயில் கூரை வேயும் ஒரு புல் சதுப்பில்தான் வளரும். அதற்கு அலைய வேண்டியதாயிற்று. ஆனால் என் பள்ளிக்கூடச் சம்பளம் அந்த மூட்டைகளில் வந்தது. புல்லுக்காக நான் ஒப்பாரி வைத்தால் யாரும் நம்பக் கூடாது.

மறுபடி மண்டி. 1961இல் ஊட்டி வயலில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை. அப்பா இதைப் பேசும்போது மட்டும், வீட்டு நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்துவார். வேரில் குண்டூசித் தலையளவு கூடு, உள்ளே முட்டைகள். கிழங்கே போடாமல் விட்டாலும் வருடக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும். பலர் கேரட்டுக்கும் தேயிலைக்கும் போனார்கள்.

கிழங்கு ஏறாத சரிவுகளில் சீகை மரம் ஏறியது. பட்டை தோல் பதனிட உதவும் என்று அரசே நட்டது. இப்போது அந்நிய மரம் என்று நீதிமன்றம் சொல்லி அரசே வெட்டுகிறது. வெட்டினால் தீராது. வெயில் பட்டதும் மண்ணுக்குள் கிடந்த விதையெல்லாம் முளைத்துவிடும். வருடா வருடம் கன்று பிடுங்க ஆள் வேண்டும், புல்லை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். புல் நடவா கூலி என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எந்தப் புல் எந்தச் சரிவுக்கு என்று சொல்லத் தெரிந்த தோடப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் கூலி அவர்களுக்குப் போகட்டும்.