அளவுகோல்

1943இல் கம்பராமாயணத்தைத் தீயிடுக என்று சொற்போர் புரிந்தார் அறிஞர் அண்ணா. கூடாதென மறுத்தனர் ரா. பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். 1968இல், அதே அண்ணா முதல்வராயிருந்தபோது, சென்னைக் கடற்கரையில் கம்பனுக்குச் சிலை எழுந்தது! காவியத்தில் ஓரெழுத்தேனும் மாறிற்றா? இல்லை. முன்னது கருத்தின்மீது எழுந்த சினம். பின்னது கவித்திறனுக்குத் தந்த மதிப்பு. தீர்ப்புகள் இரண்டு.

மனநிலையோ இரண்டையும் குழப்பிவிடும். சாமளாபுரத்தில் இரவெல்லாம் விசைத்தறியோடு நின்று திரும்பும் தோழர், தேநீர்க் கடைப் பாட்டைக் கேட்டு, "ஒரே இரைச்சலுங்க, வாத்தியாரே" என்கிறார். விடுமுறை நாளில் அதே பாட்டுக்குத் தாளம் போடுகிறார். பாட்டா மாறியது? களைப்பன்றோ நீங்கியது!

பக்தன் படிக்குமுன்பே உருகுகிறான். நம்மில் சிலர் படிக்குமுன்பே கொதிக்கின்றனர். இருவர் நாவிலும் சுவை ஏறுவதில்லை. பகுத்தறிவு பிறர் உருக்கத்தை மட்டும் அளக்கும் கோலன்று. நம் கொதிப்பையும் அளக்க வேண்டும். தோழர்களே, ஒவ்வாக் கருத்தை எதிர்ப்போம், ஆனால், படித்தபின்!