கடலில் ஏழு இரவுகள்



கொழும்பில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மாலே. ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள், வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கும் மேலான நீளத்தில், வளையம் வளையமாகக் கடலில் கிடக்கின்றன. உலகப் பயணி இப்னு பதூதா 1343ஆம் ஆண்டு இங்கு வந்து காதியாகப் பணியாற்றிவிட்டு, அடுத்த ஆண்டு நம் இலங்கைக்கு வந்தார். நாம் தோணி என்பதை மாலைதீவு மக்களும் 'தோனி' என்றே சொல்கிறார்கள்.

இந்நாட்டில், ஹோட்டலில் தங்காமல் ஒரு வாரம் முழுவதும் படகிலேயே உண்டு உறங்கி, நாளொன்றுக்கு மூன்று தடவை வரை காற்றுச் சிலிண்டருடன் சுழியோடும் பயணங்கள் பிரபலமாகியுள்ளன. 'சஃபாரிப் படகு' என்று இவற்றைச் சொல்வார்கள். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் தொழில் பார்க்கும் மகனோ மருமகனோ, ஏன், மகளோ கூட, "உம்மா, போகட்டுமா?" என்று கேட்கும் காலம் இது. 'வேண்டாம்' என்பதும் இலகு, 'சரி' என்பதும் இலகு. இரண்டுக்கும் முன்னர் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. படகின் அழகிய படங்களில் அவற்றுக்குப் பதில் இராது.

மாலேயில் ஆசிரியராக இருந்த காலத்தில், விடுமுறையொன்றில் மூன்று நாட்கள் இத்தகைய படகில் தங்கினேன். நான் சுழியோடி அல்ல. கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலே மிதந்ததோடு சரி. பெரிய படகுக்குப் பின்னால் ஒரு தோணி வரும். சிலிண்டர்களும் அவற்றில் காற்று நிரப்பும் இயந்திரமும் அதில்தான். சுபஹுக்குப் பின், வெயில் ஏறுமுன்பே முதல் குழு அந்தத் தோணியில் புறப்பட்டுவிடும். முருகைக்கற் பாறையின் விளிம்பில், பச்சை நீர் சட்டெனக் கருநீலமாக மாறும் இடத்தில் ஒவ்வொருவராக இறங்குவார்கள். பார்ப்பதற்கே நெஞ்சு படபடக்கும்.

முதற் கேள்வி, போகிறவரைப் பற்றியது. ஆரம்பப் பயிற்சிச் சான்றிதழ் 18 மீற்றர் ஆழம் வரைக்கும்தான். மாலைதீவின் விதிப்படி உல்லாசச் சுழியோடிகளுக்கு எல்லை 30 மீற்றர். தீவு வளையங்களுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் நீரோட்டம் மிகக் கடுமையானது. சுறாக்கள் கூடுவதும் அங்குதான். (2010இல் அங்கு சுறா பிடிப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டது.) ஆகவே நல்ல படகுகள் இரண்டாம் நிலைச் சான்றிதழையும், முன்பு பல தடவை சுழியோடிய பதிவையும் கேட்கும். ஒன்றுமே கேட்காமல் ஏற்றிக்கொள்ளும் படகைச் சலுகை என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கர்ப்பிணிகள் சுழியோடவே கூடாது.

இரண்டாவது, எந்த மாதம்? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகீழ்ப் பருவக்காற்று. கடல் பெரும்பாலும் அமைதி, நீரும் தெளிவு. மே முதல் நவம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மழையும் அலையும் கூடும். ஆனால் பிரம்மாண்டமான கொம்புத் திருக்கைகள் இரை தேடி ஹனிஃபாரு குடாவில் கூடுவதும் அப்போதுதான். 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோள ஒதுக்கிடமாக அறிவித்த பா வளையத்தில் உள்ளது அக்குடா. அங்கே சிலிண்டருக்கு அனுமதியில்லை. மூச்சுக்குழாயோடு மட்டுமே நீந்தலாம். சுழியோடத் தெரியாதவருக்கும் அந்தக் காட்சி கிட்டும்! இன்னொன்று: 1998, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளுத்தன. பழைய படங்களின் வண்ணங்களை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. இரவில் விழித்திருப்பவர் யார்? 2019 செப்டெம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் 'கன்செப்ஷன்' என்ற சுழியோடிப் படகு விடியுமுன் தீப்பிடித்தது. கீழ்த்தட்டில் உறங்கிய 34 பேரும் மாண்டார்கள். வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் ஒரே கூடத்துக்குத்தான் போயின. எரிந்துகொண்டிருந்ததும் அந்தக் கூடமே. இரவுக் காவலுக்கு எவரும் சுற்றிவரவில்லை என விசாரணையில் வெளிவந்தது. 2024 நவம்பரில் செங்கடலில் 'சீ ஸ்டோரி' படகு விடியுமுன் கவிழ்ந்து, 11 பேர் இறந்தும் காணாமலும் போயினர்.

எனவே கேளுங்கள்: இரவு முழுவதும் காவல் உண்டா? அறையிலிருந்து வெவ்வேறு இடங்களுக்கு இரண்டு வழிகள் உண்டா? தொலைபேசி, விளக்கு ஆகியவற்றின் பற்றரிகளை எங்கே சார்ஜ் செய்கிறார்கள்? முதல் நாளிலேயே உயிர்காப்பு அங்கிகளை அணிவித்துப் பயிற்சி தருகிறார்களா?

நான்காவது, மேலே வந்தபின் என்ன? பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்கு. முப்பதில் நான்கு மடங்கு. அந்த அமுக்கத்தில் நைதரசன் உடம்பில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் அது குமிழிகளாகிவிடும். மூட்டு வலி, கைகால் வழங்காமை, மரணம் வரை போகலாம். கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடும் நம் கரையோரக் குடும்பங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. படகில் ஒட்சிசன் இருக்கிறதா, சிகிச்சைக்கான அமுக்க அறை எத்தனை மணி நேரத் தூரம், காப்புறுதி அச்செலவை ஏற்குமா என்று விசாரியுங்கள். பல தடவை சுழியோடியவர் குறைந்தது 18 மணி நேரம் கழியாமல் விமானம் ஏறக் கூடாது. கடைசி நாளிலும் சுழியோடல் உண்டென்று விளம்பரம் செய்தால், விமான நேரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஐந்தாவது நம் வீட்டுக் கேள்வி. முஸ்லிம் நாடுதானே என்று இருந்துவிடாதீர்கள். மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்கு இடமில்லை. ஆனால் வெளிநாட்டவருக்கான சஃபாரிப் படகுகள் அனுமதிப்பத்திரம் பெற்று மது விற்கலாம். சமையல் எப்படி, பெண் பயிற்சியாளர் உண்டா, குடும்பத்தினரும் நண்பர்களுமாகச் சேர்ந்து படகு முழுவதையும் எடுக்கலாமா என்பதை முன்பணம் கட்டுமுன் பேசிக்கொள்ளுங்கள். சுழியோடும் ரப்பர் உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும். தொழுகை நேரத்தைத் தலைவரிடம் சொல்லிவைத்தால் இறங்கும் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். நான் போன படகில் அப்படித்தான் நடந்தது.

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பதில்களை எழுத்தில் பெற்று உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். பதில் சரியாக வந்தால் மனநிறைவோடு வழியனுப்பி வையுங்கள். வராவிட்டால் வேறு படகு தேடச் சொல்லுங்கள். கடல் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.