கழுவினால்தான் கீறல் தெரியும்

பட்டறையில் சாமான் கழுவுகிற வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் கட்டிவிடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஒரு மண்ணெண்ணெய்த் தட்டு, தேய்ந்த பிரஷ், உட்கார ஒரு முக்காலி. பெரிய மெக்கானிக் பக்கத்தில் நின்று "சீக்கிரம்டா" என்பார். மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் லாரி எஞ்சின் பிரித்துப் பிழைக்கிற நான் அந்தத் தட்டை யாரிடமும் கொடுப்பதில்லை. வெடித்த கியரைக் கழற்ற ஸ்பேனர் போதும். அது வெடித்திருக்கிறது என்று தெரிய, கழுவியாக வேண்டும்.

கேமரன் மலையில் டீசல் எஞ்சினுக்கு நிம்மதி கிடையாது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக எங்கள் ஊருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது சாலை. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய லாரி கரும்புகை கக்கிக்கொண்டுதான் வளைவுகளில் திரும்பும். இறங்கும்போது பிரேக் சூடேறிவிடும் என்பதால் எஞ்சினையே பிடித்து நிறுத்த வைக்கிறோம். ஏற்றத்தில் முழுச் சுமை, இறக்கத்தில் எதிர்ச் சுமை, இரவில் குளிர், விடிகாலையில் கெட்டியான ஆயிலோடு ஸ்டார்ட். 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை அழிக்க ஆட்களும், கோவேறு கழுதைகளும், ஒரே ஒரு நீராவி ரோலரும் இருந்தன என்று அந்தத் தோட்டத்தின் வரலாறு சொல்கிறது. ரோலருக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள் என்று எழுதி வைக்கவில்லை. மெக்கானிக்கை வரலாற்றில் யார் எழுதுகிறார்கள்!

நான் சொல்ல வந்தது தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற ஒரு லாரியைப் பற்றி. டர்போ இல்லாத பழைய ஜப்பான் வண்டி, ஆறு சிலிண்டர். கொழுந்து லாரி நின்றால் மற்ற லாரி நிற்பது போல அல்ல. பறித்த இலை மூட்டைக்குள் அமுங்கிக் கிடந்தால் தானே சூடேறிச் சிவந்துவிடும். பிறகு தொழிற்சாலையில் எவ்வளவு பக்குவமாக வாட்டினாலும் அந்தத் தூள் தேறாது. ஆகவே தோட்டத்திலிருந்து வருகிற முதல் கேள்வியே "எப்போ கிடைக்கும்?" என்பதுதான். என்ன கோளாறு என்பது அப்புறம்.

டிரைவர் தமிழர், வண்டியோடு வயதானவர். "தம்பி, காலையில ஸ்டார்ட் பண்ணா முன்னால கரகரன்னு ஒரு சத்தம். லேசா மிதிச்சா போயிடுது. சூடானதும் கொஞ்சம் கொறையுது" என்றார். வேறொரு பட்டறையில் தண்ணீர் பம்பைக் குற்றம் சொல்லி மாற்றியிருந்தார்கள். புது பம்போடு அதே சத்தம்.

சத்தத்தை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். முதலில் பெல்ட்டைக் கழற்றிச் சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். விசிறி, டைனமோ, தண்ணீர் பம்பு எல்லாம் சும்மா நிற்க, கரகரப்பு மட்டும் இருந்தது. அடுத்து இன்ஜெக்டருக்குப் போகும் குழாய் நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகத் தளர்த்தினேன். எரிவதில் கோளாறு என்றால், அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றதும் இடியும் நிற்கும். நிற்கவில்லை. கடைசியில் நீள ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, முனையை டைமிங் கவரின் மேல் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டேன். கிராங்க் கியருக்கு மேலே, கவரின் நடுவில், சத்தம் பல்லைக் கடிப்பது போல வந்தது. அங்கே இருப்பது ஐட்லர் கியர்.

இந்த வகை எஞ்சினில் முன்பக்கம் கியர்கள் ஒரு குடும்பமாக இருக்கின்றன. கிராங்க் கியர் ஐட்லரைச் சுழற்றும். ஐட்லர் ஒரு பக்கம் கேம் கியரையும் மறு பக்கம் டீசல் பம்பின் கியரையும் சுழற்றும். ஐட்லர் தன் சொந்த வேலைக்குச் சுழல்வதில்லை, ஆனாலும் வால்வு திறப்பதும் டீசல் பாய்வதும் அதன் பற்கள் வழியாகத்தான். கேமும் பம்பும் ஒரே சீராக இழுக்காது. ஒவ்வொரு முறை வால்வைத் திறக்கும்போதும் இழு, மூடும்போது ஸ்பிரிங் பின்னாலிருந்து தள்ளு. சும்மா ஓடுகிற வேகத்தில் இந்த இழுபறி பற்களை முன்னும் பின்னும் இடிக்க வைக்கும். லேசாக மிதித்து வேகம் கூடினால் இந்த இடி அடங்கும், சத்தம் போவதற்குக் காரணம் அதுதான். பல் ஒன்று முறிந்து நடுவில் சிக்கினால் வால்வுகள் நேரம் தவறிப் பிஸ்டனில் மோதும். அதன் பிறகு பேச வேண்டியது கியரைப் பற்றி அல்ல, புது எஞ்சினைப் பற்றி.

ஆயிலை இறக்கி வெள்ளை வேட்டித் துணியில் வடித்தேன். மினுமினுப்பு இருந்தது. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றித் துழாவினால் இரும்பு மட்டும் ஒட்டும். பித்தளை, வெண்கலத் துகள் துணியிலேயே கிடக்கும். இரண்டும் இருந்தன. வெண்கலம் ஐட்லரின் புஷ்ஷிலிருந்து வந்திருக்க வேண்டும். இரும்பு எங்கிருந்து?

ரேடியேட்டரை இறக்கி, கிராங்க் புல்லியை இழுத்து, கவரைத் திறந்தபோது கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாப் பற்களும் இருக்கின்றன. கறுப்பு ஆயில் பூசி அழகாக மின்னுகின்றன. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "புஷ் தேய்ஞ்சிருக்கு, புஷ் போட்டு மூடு" என்று முடித்துவிடுவார்கள். தோட்டத்திலிருந்து போன் மேல் போன் வரும்போது அப்படி முடிக்கத்தான் தோன்றும்.

ஐட்லரைக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டேன். பிரஷ்ஷால் ஒவ்வொரு பல் இடுக்காகத் தேய்த்தேன். பானை வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பது போல, கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். மணியாகத்தான் ஒலித்தது. சிறு கீறல் உள்ள கியரும் மணியாக ஒலிக்கும். அந்தச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. நல்ல மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு துணியால் மேலே ஈரமே இல்லாமல் துடைத்து, சாக்பீஸ் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினேன். இப்போது சிவப்பு மையும் வெள்ளைப் பூச்சுமாக ஸ்பிரே டப்பாக்கள் விற்கின்றன, நல்ல சாமான்தான். ஆனால் தத்துவம் ஒன்றே: கீறலுக்குள் ஒளிந்த திரவம் மெல்ல வெளியே ஊறிப் பொடியை நனைக்கும். மூடுபனி நாளில் இந்த வேலை சிரமம். எங்கள் ஊர் ஈரத்தில் பொடி காயாமல் எங்கும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். மஞ்சள் பல்பின் அடியில் வைத்துக் காயவிட்டேன்.

பொடி முழுக்க வெளுத்தது. பிறகு ஒரு பல்லின் அடியில், வளைவு தொடங்கும் மூலையில், முடியளவு ஒரு கோடு கறுத்தது. அது பல்லோடு நிற்கவில்லை. உள்பக்கமாக இறங்கி, ஆயில் போகிற துளையை நோக்கி நீண்டது. பொடியைத் துடைத்தால் கோட்டைக் காணோம். மறுபடி பூசினால் அதே இடத்தில் அதே கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்படவே இல்லை.

கீறலைக் கண்டால் மட்டும் போதாது, ஏன் அங்கே என்று கேட்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அந்தப் பல்லிலும் பக்கத்துப் பல்லிலும் எதிரெதிரே நசுங்கிய தடம் இருந்தது, விளிம்பு மழுங்கி, பழைய காயம். கிராங்க் புல்லியின் பெரிய போல்ட்டைத் தளர்த்தும்போது எஞ்சின் சுழலாமல் இருக்க, யாரோ எப்போதோ கியர்களுக்கு நடுவே இரும்பைச் செருகியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. ஃப்ளைவீலைப் பூட்டிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. கடினமாக்கிய எஃகு, நசுக்கினால் அப்போது ஒன்றும் ஆகாது. காயத்தில் தொடங்கிய கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, பல்லாயிரம் இழுபறிகளில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நடக்கும். புஷ் தேய்ந்து கியர் சாய்ந்தால் சுமை பல்லின் ஒரு ஓரத்தில் விழும், வெடிப்பின் நடை வேகமாகும்.

இந்த உலோகக் களைப்பை மனிதர்கள் அறிந்துகொண்டதே உயிர்களைக் கொடுத்துத்தான். 1842-ல் பிரான்ஸில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெட்டிகள் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமை தாங்கக்கூடிய அச்சு, சுமை மீறாமலே ஏன் முறிகிறது என்று பிறகு ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்காத சிறிய சுமையும் திரும்பத் திரும்ப விழுந்தால் முறித்துவிடும் என்பதை எண்களோடு காட்டியவர் அவர். கூர்மையான மூலைகளில்தான் வெடிப்பு தொடங்கும் என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. பல்லின் அடி மூலையை வளைவாகச் செதுக்குவது அழகுக்காக அல்ல.

கியருக்கு ஈப்போவில் சொல்லிவைத்தேன். பழைய சாமான் கடை முதலாளி, பிரித்த எஞ்சினிலிருந்து எடுத்த கியரைக் கால் விலைக்குத் தருவதாகச் சொன்னார். கேபின் கதவு, ஸ்பிரிங் பட்டை என்றால் நானும் பழையது வாங்குவேன். ஐட்லருக்கு மாட்டேன். இன்னொரு எஞ்சினில் என்ன அடி வாங்கியதோ தெரியாது, வேறு பற்களோடு தேய்ந்த பல் இந்தப் பற்களோடு சேராது. புதியது வந்தபோது பல் எண்ணிக்கை, பல் சாய்ந்திருக்கும் பக்கம், அகலம், ஆயில் துளை நான்கையும் பழையதோடு ஒப்பிட்டேன். பெட்டி மேல் இருக்கும் நம்பரை மட்டும் நம்பி ஏற்றுகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. கிராங்க், கேம், பம்பு கியர்களையும் அதே பொடி வைத்துச் சோதித்தேன். கோடு எதுவும் எழவில்லை. கேம் கியர் வெடித்திருந்தால் பாடு அதிகம். இறுக்கமாக உட்கார வேண்டிய கியரைச் சூடாக்கி விரியவைத்து ஏற்ற வேண்டும். எங்கள் மலையில் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடு போதாது, ஆயில் சட்டிதான்.

ஏற்றும்போது கியர்களில் குறித்திருக்கும் டைமிங் புள்ளிகளைச் சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அதற்குப் பின்னால் வருகிறது. கையால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தால் ஐட்லரின் புள்ளிகள் சேராது. இளம் மெக்கானிக்குகள் பயந்து மறுபடி பிரிப்பார்கள். கிராங்கில் 30 பல், கேமில் 60, நடுவே ஐட்லரில் 47 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் புள்ளிகளும் மறுபடி ஒன்றுசேர 94 சுற்று ஆகும். ஒரே இரண்டு பற்கள் அடிக்கடி சந்தித்துத் தேயாமல் இருக்கத்தான் இப்படி எண் வைப்பது. இரண்டு சுற்றுக்குப் பிறகு ஃப்ளைவீல் குறியையும் முதல் சிலிண்டர் வால்வுகளையும் பார்த்தால் போதும். பல்லுக்குப் பல் இடைவெளியைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டயல் கேஜில் பார்த்தேன், கியரின் நாலு பக்கத்திலும். புது புஷ், புது சீல், புது ஆயில்.

காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தபோது டிரைவர் கவருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். "சுத்தமா இருக்கு" என்றார். கொஞ்ச நாள் ஓடியபின் ஆயிலை மறுபடி வடித்துப் பார்த்தேன். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறையில் கியர் மாற்றினோம் என்றால் பில்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பழைய கியரைக் கழுவி, கீறலைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே வெடித்தது, எதனால் வெடித்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.