காங்கேசன்துறை: வானொலியில் கேட்ட கடல்



ஸுபஹ் தொழுதுவிட்டு நீங்கள் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் நேரத்தில் வானொலியில் வானிலை அறிக்கை போகும். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்று இன்ன வேகத்தில் வீசும், கடல் ஓரளவு கொந்தளிப்பாக இருக்கும் என்று வாசிப்பார்கள். பலருக்கு அது செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவே வந்து போகும் ஓசை மட்டுமே. எங்கள் வீட்டில் அப்படியல்ல. அந்த வசனம் முடியும்வரை உம்மா அடுப்படியில் ஒரு பாத்திரத்தையும் அசைக்க விடமாட்டார்.

காரணம் இருக்கிறது. விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய 1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து நாங்கள் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. ஒக்டோபர் மாதக் கடல் ஒரு நிலையில் நிற்காது. தென்மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், வடகிழக்குக் காற்று இன்னும் பிடித்திருக்காது. பகலில் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும் நீர், அந்தியில் ஓர் இடிமழை வந்தால் நிமிடத்தில் புரண்டுவிடும். இடியுடன் மழை பெய்யும்போது கடல் தற்காலிகமாகக் கொந்தளிக்கும் என்று அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்களே, அந்த 'தற்காலிகம்' எங்களுக்கு ஓர் இரவு முழுவதும் நீடித்தது. அதன்பின் உம்மா கடலில் கால் நனைத்ததேயில்லை.

ஆனால் உம்மாவின் லாத்தா நாகூரில் இருக்கிறார். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலத்தில் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவர். 1980களின் முற்பகுதியில் அந்தக் கப்பல் நின்றது. சகோதரிகள் இருவரும் முகம் பார்த்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் கப்பல் தொடங்கியபோது உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பெட்டியைத் தேடுவதற்குள், ஒரு வாரம்கூட ஆகாமல், வானிலையைக் காட்டிச் சேவையை நிறுத்திவிட்டார்கள். மீண்டும் 2024 ஓகஸ்டில் ஓடத் தொடங்கியது. "நாகூர்க் கந்தூரிக்குப் போனால் லாத்தாவையும் பார்த்ததாகும்" என்று உம்மா கணக்குப் போட்டார். அந்த ஆண்டு ஜமாதுல் ஆகிர் பிறை டிசம்பரில் வந்தது. நவம்பரிலேயே கப்பல் நின்றுவிட்டது.

இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். நமது மாதங்கள் பிறையோடு நகர்பவை, ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே வருபவை. காற்றின் மாதங்களோ சூரியனோடு கட்டுண்டவை. பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித்கூடக் கப்பல் புறப்படும் நாளைப் பிறையால் குறிக்கவில்லை. நைரூஸ் எனும் சூரிய ஆண்டின் நாட்களையே எண்ணினார். மொன்சூன் என்று உலகமே சொல்லும் சொல்லும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். பருவம் என்று பொருள்.

ஆக, கல்லூரி விடுமுறையையும் காற்றின் விடுமுறையையும் ஒத்துப் பார்த்தேன். 2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் கடைசியில் வந்தது. ஷவ்வால் என்றால் ஏப்ரல். இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட, அந்தக் கடல் அடங்கிக் கிடக்கும் மாதம். புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வரை பஸ், அங்கிருந்து புகையிரதம். 1990இல் அறுந்து 2015 ஜனவரியில் மீண்ட பாதையில் கடைசி நிலையம் காங்கேசன்துறை.

இறங்கியதும் கண்ணில் படுவது 1990இலேயே ஓய்ந்துபோன சீமெந்துத் தொழிற்சாலை. கரையில் மணலைவிடச் சுண்ணக்கல்லே அதிகம். கிழக்கே சற்றுத் தள்ளி மயிலிட்டி மீன்பிடித் துறை. அதை 2017இல்தான் மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் நாள் அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, உம்மாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் காற்றுகளுக்குப் பேர் சொல்லிக் கொடுத்தார். தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. "சோளகத்துக்கு எங்கட கரை முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். வாடைக்கு முகத்தைக் காட்ட வேணும்" என்றார். நான் புத்தகங்களில் தேடியதெல்லாம் அந்த இரண்டு வசனத்தில் இருந்தது.

குடாநாட்டின் வட கரை அது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று நிலத்தைக் கடந்து கடலுக்குப் போவதால் கரையோரத்தில் அலை எழும்ப இடம் போதாது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வருவதோ வங்காள விரிகுடா நெடுகத் தடையின்றி ஓடி வரும் காற்று. போதாக்குறைக்குப் பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழ்கடலில் நீண்டு படுத்து வரும் அலை ஆழமில்லாத இடத்தில் வேகம் குறைந்து, நெருங்கி, செங்குத்தாக நிமிரும். சிறிய கப்பலை உலுக்குவது இந்த நெருங்கிய அலைதான்.

அறிக்கைச் சொற்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடல் மிதமாக இருக்கும் என்றால் அலை ஒன்றேகால் முதல் இரண்டரை மீற்றர் வரை. கொந்தளிப்பு என்றால் இரண்டரை முதல் நான்கு மீற்றர். அதுவும் உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிதான். தனியொரு அலை அதைப்போல் இரு மடங்கு எழலாம். கப்பலை நிறுத்திவிட்டார்களே என்று முகம் சுளிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதே கடல் வழியாகத்தான் 1344இல் இப்னு பதூதா புத்தளத்திலிருந்து மஃபர் கரைக்குப் போனார். காற்று மிஞ்சியது, தண்ணீர் உள்ளே ஏறியது, வழி தெரிந்த மாலுமி இல்லை. கப்பல் ஆழமில்லாத இடத்தில் தட்டியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தார்கள். பலகைகளால் மிதவை கட்டித் தம்மோடு வந்தவர்களை அனுப்பிவிட்டு, அவர் கப்பலின் பின்புறத்திலேயே விடியும்வரை இருந்தார். கரையிலிருந்து மக்கள் வந்து மீட்டார்கள். இந்தக் கதையை உம்மாவிடம் நான் சொல்லவில்லை.

துறைமுகத்திலேயே லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். (கப்பலில் தொழ நேர்ந்து, ஆட்டத்தில் நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம். கடல் நீரால் வுழூச் செய்வதில் தடையில்லை.) பிற்பகலில் கப்பல் நகர்ந்தது. நாகைக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நான்கு மணி நேரம். உம்மா முதல் அரை மணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை, தஸ்பீஹ் மணி மட்டும் உருண்டது. கரை மறைந்த பிறகு மெதுவாக யன்னல் பக்கம் திரும்பி, "அண்டைக்கு இருட்டில ஒண்டும் தெரியல்ல. இது நீலமாத்தானே கிடக்கு" என்றார்.

நடுக்கடலில் அலை கொஞ்சம் நெளிந்தது. ஏப்ரல் என்றாலும் கடல் கடல்தானே! உம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.

மாலையில் நாகபட்டினத்தில் இறங்கியபோது பெரியம்மா பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். இருவரும் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "கடல் எப்படிடீ இருந்திச்சு?"

"குளம் மாதிரி" என்றார் உம்மா.

பொய் சொல்லக்கூடாது என்று ஆண்டு முழுவதும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.