முதல் ஓட்டு யாருடையது?

2024 மாட்டுப் பொங்கலன்று காலையில் மதுராந்தகம் பக்கத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், டிவியைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாப்பா, அமெரிக்காவுல தேர்தலு முடிஞ்சிப் போச்சா?"

முடியவில்லை. அதிபர் தேர்தலில் தங்கள் கட்சி சார்பில் யார் நிற்பது என்று அயோவா மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர்கள் கூடி வாக்களித்த செய்தி அது. நடுங்கும் குளிரில் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் கூடி, சீட்டில் பெயர் எழுதிப் போட்டிருந்தார்கள். பாதிக்கும் மேல் டிரம்புக்கு விழுந்திருந்தது. பஞ்சாபிலிருந்து போன குடும்பத்தில் பிறந்த நிக்கி ஹேலி மூன்றாவதாக வந்திருந்தார்.

"அப்போ நிக்கிற ஆளயே ஓட்டுப் போட்டுத்தான் புடிக்கிறானுங்களா? தலைவரு சொல்றதில்லியா?"

"இல்ல பெரியப்பா. சாதாரணக் கட்சிக்காரன் போடற ஓட்டுதான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "நம்மூர்ல அப்பிடி வச்சா நம்மாளுங்களே நாலா ஒடஞ்சி நிப்பானுங்க. ஏற்கெனவே பார்த்தாச்சே."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சொன்னது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரியப்பா முதல் ஓட்டுப் போட்டது 1971இல். அப்போது 21 வயது ஆனால்தான் ஓட்டு. அன்றிலிருந்து ஒரே சின்னம். நிற்கிற ஆளின் பெயரை அவர் கேட்டதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது, நம் தெருவுக்கு ஒருநாளும் வராத ஒருவருக்கு ஏன் போடுகிறீர்கள் என்று சண்டை பிடித்தேன். "சின்னம் ஜெயிக்கும், அதான் போடறேன்" என்றார். "நீங்க ஒரு பழமைவாதி பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். அம்பேத்கரைப் படித்தவன் என்ற திமிர். தோழர்கள் பலரும் வீட்டில் இப்படி ஒரு சண்டை போட்டிருப்பீர்கள்.

இன்று யோசித்தால், அவர் செய்தது கணக்கு. அமெரிக்கப் பழமைவாத வாக்காளரும் அதே கணக்கைத்தான் போடுகிறார். என் கொள்கைக்கு நெருக்கமானவரை நிறுத்துவதா, பொதுத் தேர்தலில் ஜெயிக்கக்கூடியவரை நிறுத்துவதா? அந்நாட்டுப் பழமைவாதிகளின் மூத்த எழுத்தாளர் வில்லியம் பக்லி இதற்கு ஒரு வழி சொன்னார். ஜெயிக்க வாய்ப்புள்ளவர்களில் யார் நம் கொள்கைக்கு மிக நெருக்கமோ அவரைப் பிடி என்பது அதன் சாரம். அவர்களுடைய கொள்கையோடு நமக்கு உறவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாளும், ஒரு சீட்டும், ஒரு பெட்டியும் இருக்கின்றன. பெரியப்பாவுக்கு அது இல்லை. அவரிடம் வந்து சேரும்போது ஆள் முடிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது சின்னம் மட்டும்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் செய்யூரும் மதுராந்தகமும் தனித் தொகுதிகள். காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதி. நிற்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. அவரை யார் பொறுக்கி எடுப்பது என்று சொல்லவில்லை. விருப்ப மனு, நேர்காணல், மாவட்டச் செயலாளர் பரிந்துரை, கூட்டணிப் பேச்சு, பட்டியல், கடைசியில் தலைமை கையெழுத்திட்ட பி படிவம். இத்தனை படிகளில் ஒன்றிலாவது காலனி மக்களின் வாய் திறந்ததா? தேர்தல் நாளில் போடுவது இரண்டாவது ஓட்டு. முதல் ஓட்டு எங்கோ ஒரு மூடிய அறையில் முன்பே விழுந்துவிடுகிறது.

முதல் ஓட்டு ஒரு காலத்தில் நம்மிடம் இருந்தது என்பது இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாது. புனா ஒப்பந்தத்தை இரட்டை வாக்குரிமையை இழந்த கதையாக மட்டும் படிக்கிறோம். 1932 செப்டம்பர் 24ஆம் தேதி எரவாடா சிறையில் முடிவான அந்த ஒப்பந்தத்தில் ஒரு முதல்கட்டத் தேர்தலும் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு தனி இடத்துக்கும் அந்தத் தொகுதியின் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் முதலில் வாக்களிக்க வேண்டும். அதிக வாக்கு வாங்கிய நான்கு பேர் வேட்பாளர்கள் ஆவார்கள். பிறகு எல்லாச் சாதியினரும் சேர்ந்து அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மாகாண சட்டமன்றங்களில் 148 தனி இடங்கள், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. முதல்கட்டத் தேர்தல் முறைக்கு மட்டும் பத்தாண்டு ஆயுள்.

இந்த வரலாற்றில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து தனி வாக்காளர் தொகுதி கேட்ட ரெட்டமலை சீனிவாசன் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்துக்காரர். அதற்கு எதிராக, கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடு போதும் என்று 1932இல் மூஞ்சேயோடு உடன்பாடு செய்துகொண்ட எம்.சி. ராஜா பரங்கிமலைக்காரர். அதுவும் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாதான். நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் ஒருவர். பெரும்பான்மையோடு சேராமல் நிற்க முடியாது என்றார் மற்றவர். கடைசியில் இருவர் கையெழுத்தும் புனா ஒப்பந்தத்தில் இருக்கிறது. எனக்கும் பெரியப்பாவுக்கும் நடந்த சண்டை, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த சண்டைதான்.

முதல்கட்டத் தேர்தல் என்ன ஆனது? நான்கு பேர் பட்டியலில் நம் மக்கள் முதலிடம் கொடுத்தவர் பொதுத் தேர்தலில் தோற்கலாம். நான்காவதாகத் தட்டுத்தடுமாறி வந்தவர், மற்றவர்களின் ஓட்டில் ஜெயிக்கலாம். அம்பேத்கர் இதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். 1946 மாகாணத் தேர்தலில், சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் தலைவராக இருந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, மொத்தம் 151 தனி இடங்களில் 2 இடங்களில்தான் வென்றது. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அம்பேத்கர் மறுபடியும் தனி வாக்காளர் தொகுதி கேட்டதற்கு இந்த அனுபவம் பின்னால் இருக்கிறது. 1952இல் பம்பாயில் அவரே தோற்றார்.

இப்போது பெரியப்பா சொன்ன "ஏற்கெனவே பார்த்தாச்சே" என்பதற்கு வருகிறேன்.

2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எங்கள் ஊராட்சியின் தலைவர் பதவி தனி. காலனியில் நான்கு பேர் நிற்க ஆசைப்பட்டார்கள். அதில் ஒரு அக்கா, நூறு நாள் வேலையில் கூலி குறைத்துப் போட்டதைத் தட்டிக் கேட்டவர். "நாலு பேரையும் மாரியம்மன் கோயிலாண்ட உக்கார வச்சி ஒருத்தர முடிவு பண்ணுங்க. மத்தவங்க வாபஸ் வாங்கட்டும்" என்றார் பெரியப்பா. நான்தான் குறுக்கே விழுந்தேன். "யாரையும் நிக்காதன்னு சொல்லக் கூடாது. அதான் ஜனநாயகம்" என்றேன். இளைஞர்கள் என் பக்கம் நின்றார்கள். நான்கு பேரும் நின்றார்கள்.

ஊர்ப் பக்கம் ஒரே ராத்திரியில் முடிவு எடுத்தது. நால்வரில் யார் குனிந்து பேசுவாரோ அவரைப் பிடித்தார்கள். காலனி ஓட்டு நான்காக உடைந்தது. ஊர் ஓட்டு ஒன்றாக விழுந்தது. காலனியில் அதிக ஓட்டு வாங்கிய அக்கா தோற்றார். ஜெயித்தவரும் நம்மவர்தான், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்பதை இன்றும் அவர் முடிவு செய்வதில்லை.

புனா ஒப்பந்தத்தின் நான்கு பேர் பட்டியலை, புத்தகம் படித்த நானே எங்கள் தெருவில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நான்கு பேரைப் பட்டியலிடும் உரிமை வேறு, ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேறு. அமெரிக்காவில் முதல்கட்டத் தேர்தல் வேலை செய்வதற்குக் காரணம் போட்டி மட்டும் அல்ல, தோற்றவர் விலகுவதும்தான். அயோவாவுக்குப் பிறகும் களத்தில் நின்ற ஹேலி மார்ச் மாதம் விலகினார். அங்கே பொதுத் தேர்தலுக்குக் கட்சி சார்பில் போவது ஒரே ஆள். பெரியப்பா கேட்டதும் அதுதான். அவரைப் போய் பழமைவாதி என்றேன்.

ஆனால் அவர் சொன்ன முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் காட்டியது பெரியம்மா. மாட்டுப் பொங்கலன்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்தே கேட்டார்: "கோயிலாண்ட உக்காந்து முடிவு பண்ணுவீங்களே, எங்களக் கூப்புடுவீங்களா?" பெரியப்பாவிடம் பதில் இல்லை.

இதற்கும் அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் முதல்கட்டத் தேர்தலில் வெள்ளையர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். அன்று அங்கே அந்தக் கட்சியைத் தவிர வேறு யாரும் ஜெயிக்க முடியாது. ஆகவே முதல்கட்டத்தில் யார் ஜெயித்தாரோ அவர்தான் பதவிக்கு வருவார். கறுப்பின மக்கள் கடைசி ஓட்டு போடத் தடையில்லை, அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கட்சி என்பது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது அதன் இஷ்டம் என்று வாதாடினார்கள். ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில், தர்குட் மார்ஷல் வாதாடி, 1944இல் உச்ச நீதிமன்றம் அந்த முறையைத் தூக்கி எறிந்தது. முதல் ஓட்டு இல்லாத கடைசி ஓட்டு வெறும் சடங்கு என்பதை அந்த மக்கள் புரிந்துகொண்டு போராடினார்கள்.

தனித் தொகுதியில் நம்மை உள்ளே விடாத கட்சி அறை ஒரு டெக்சாஸ் என்றால், பெண்களையும் காலனிக் கடைசியில் இருக்கும் அருந்ததியர் வீடுகளையும் கூப்பிடாத கோயில் திண்ணை இன்னொரு டெக்சாஸ்.

வேட்பாளர் யார் என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். எப்படியும் கட்சிக் கொறடா சொல்கிறபடிதானே சபையில் கை தூக்கப் போகிறார்? வாக்கெடுப்பில் அப்படித்தான். ஆனால் கேள்வி கேட்பதை எந்தக் கொறடாவும் தடுப்பதில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் என்ற ஒன்று வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. நம் தொகுதியில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், யார் கையில் இருக்கிறது என்று சபையில் எழுந்து கேட்கிறவர் வேண்டுமா வேண்டாமா? அப்படிக் கேட்பவரா என்பதை விருப்ப மனு நேர்காணலில் யாரும் கேட்கப் போவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

ஜெயிக்க முடியாது என்ற பெரியப்பாவின் கணக்கும் கல்லில் எழுதியது இல்லை. 2021இல் பொதுத் தொகுதியான திருப்போரூரிலேயே விடுதலைச் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் ஜெயித்தார்கள். கூட்டணி பலம் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பு அதை முடியாது என்றுதானே சொன்னார்கள்?

ஆகவே தோழர்களே, வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். விருப்ப மனு வாங்கும் அறிவிப்பு வந்த அன்றே நம் தேர்தல் தொடங்குகிறது. எந்தக் கட்சியானாலும் சரி, தனித் தொகுதிக்கு மனு கொடுத்தவர்களைக் காலனி சமுதாயக் கூடத்துக்கு அழையுங்கள். எல்லாத் தெருவும் வரட்டும், பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும். கேள்விகளையும் பதில்களையும் எழுதி வையுங்கள், அந்தந்தக் கட்சி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வர மறுத்தவர் பெயரையும் எழுதுங்கள். உள்ளாட்சித் தேர்தலில் நாமே சீட்டுப் போட்டு ஒருவரை முடிவு செய்வோம். தோற்றவர் வாபஸ் வாங்குவதாக முன்கூட்டியே எல்லோர் எதிரிலும் சொல்லட்டும். சட்டம் இதைக் கொடுக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

என்ன கேள்வி கேட்பது என்று பெரியப்பாவிடமே கேட்டேன். பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை என்று சொல்வார் என நினைத்தேன்.

"ஒண்ணுதான் கேக்கணும்" என்றார். "ஜெயிச்சப்புறம் ஊருக்குள்ள போனா நாற்காலில உக்காருவியா, நின்னுக்கினு இருப்பியா?"

பெரியம்மா உள்ளேயிருந்து சொன்னார்: "அத நான் கேக்கறேன்."

ஜெய் பீம்.